புளியரை எஸ் வளைவில் முதல் முறை கார் ஓட்டப் போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் பதினான்கு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். லைசென்ஸ் கைக்கு வந்த மறுவாரமே அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எக்கா, புளியரை எஸ் வளைவுல நான் ஓட்டிருவேனா?" செங்கோட்டை தாண்டி கேரள எல்லைக்கு ஏறுகிற மலைச் சாலையில் இருக்கிற வளைவு அது.

குற்றாலத்துக்கு வேனில் போன சின்ன வயதிலிருந்தே அந்த வளைவின் பேரைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். லாரி மல்லாந்தது, மூன்று மணி நேரம் வண்டி நகரவில்லை என்று வீட்டுக்கொரு கதை இருக்கும். அந்தப் பேருக்கு அது தகுதியானதுதானா என்று கேட்டால், ஏறும்போது அவ்வளவு இல்லை. இறங்கும்போது முழுக்க முழுக்கத் தகுதியானது என்பேன். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

முதலில் சாலையைத் தெரிந்துகொள்ளுங்கள். மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் தொடங்கி, ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை 744 இது. பழைய டிரைவர்கள் இன்னும் 208 என்றுதான் சொல்வார்கள். செங்கோட்டை தாண்டி புளியரை, அப்புறம் எஸ் வளைவு, மேலே மாநில எல்லையில் கோட்டைவாசல், அங்கிருந்து ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை. செங்கோட்டையிலிருந்து தென்மலை வரை சுமார் 30 கிலோமீட்டர். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மேலே மேலே ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். இது மலை உச்சிக்குப் போகிற சாலை கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் தணிந்து வழிவிடுகிறது. அந்தக் கணவாய் வழியாகத்தான் சாலையும் போகிறது, 1904-இல் போட்ட ரயில் பாதையும் போகிறது. ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரலைக் கொண்டுவருகிற காற்றும் இதே வழியாகத்தான் வருகிறது. ஆக, ஏற்றம் நீளமாக இருக்காது. இருக்கிற கொஞ்ச தூரத்துக்குள் வளைந்து வளைந்து ஏற வேண்டும், அதுவும் லாரிகளோடு சேர்ந்து. எஸ் வளைவின் பேருக்கு அதுதான் காரணம்.

போவதற்கு முன்னால் ஊரிலேயே ஒரு பயிற்சி செய்யுங்கள். திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறுங்கள். ஏற்றத்தில் வண்டிகள் நிற்கும், நகரும், மறுபடி நிற்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தி, கிளட்சை மெதுவாக விட்டு, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்குகிற நேரத்தில் ஹேண்ட் பிரேக்கை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு சாண் கூடப் பின்னால் உருளக் கூடாது. பத்து முறை கிளம்பி பத்து முறையும் உருளாமல் கிளம்பினால்தான் நான் புளியரைக்குக் கூட்டிப் போவேன். எஸ் வளைவில் முன்னால் லாரி நின்றுவிட்டால் உங்களுக்குத் தேவைப்படப் போவது இந்த ஒரு வித்தைதான்.

அப்புறம் வண்டி. டயர், வைப்பர், கூலன்ட் எல்லாம் பார்ப்பீர்கள். பிரேக் ஆயிலை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அதை நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். 2009-இல் சித்தப்பாவின் காரை ஆரியங்காவிலிருந்து நான் ஓட்டி வந்தேன். கோட்டைவாசல் தாண்டி இறக்கத்தில் மூன்றாவது கியர், கால் பிரேக்கை விட்டு எடுக்கவே இல்லை. எஸ் வளைவு வருவதற்குள் கருகிய வாடை வந்தது. அடுத்த மிதிக்குப் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பக்கத்தில் இருந்த சித்தப்பா சத்தம் போடவில்லை. "கியரைக் குறை. ரெண்டாவதைப் போடு. இப்பம் கிளட்ச விடு," என்று மட்டும் சொன்னார். இன்ஜின் உறுமி வண்டியைப் பிடித்து இழுத்தது. அகலமான ஒரு இடத்தில் ஓரம் கட்டி நிறுத்தினோம். பின்சீட்டில் அம்மாவும் தங்கையும் இருந்தார்கள். அந்தப் பெடல் உள்ளே போன உணர்வு இன்றைக்கும் என் பாதத்தில் இருக்கிறது.

நான்கு வருடமாக அந்த வண்டியில் பிரேக் ஆயில் மாற்றவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அது சீக்கிரம் கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும்; நாம் மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போகாமல் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும். ஊருக்குள் ஓட்டுகிற வரைக்கும் இது தெரியவே தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். பெரிய செலவில்லை.

போகிற நாளுக்கு வருவோம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் இரவும் பகலும் ஓடும். முதல் முறை ஓட்டுகிறவர்களுக்கு அந்த நேரம் வேண்டாம். குற்றால சீசனில் சனி, ஞாயிறும் வேண்டாம். தை கடைசி, மாசியில் ஒரு செவ்வாயோ புதனோ போதும். காலை ஐந்து மணிக்குப் பாளையங்கோட்டையில் கிளம்பினால் ஆலங்குளம், பாவூர்சத்திரம் தாண்டித் தென்காசியில் நன்றாக விடிந்திருக்கும். பெட்ரோலைத் தமிழ்நாட்டுப் பக்கமே நிரப்பிக்கொள்ளுங்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் விலை கூடுதல். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பிள்ளைகள் வந்தால் வயிறு முட்ட இட்லி கொடுத்து ஏற்றாதீர்கள்.

புளியரை தாண்டியதும் ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கச் சொல்வேன். வளைவில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரியும். பாரம் ஏற்றிய லாரி இறங்கும்போது இன்ஜின் முனகுகிற சத்தமும், ஏர் பிரேக் 'புஸ்' என்று விடுகிற சத்தமும் நன்றாகக் கேட்கும். வளைவுக்கு முன்பே ஹாரன் அடியுங்கள். வளைவுக்குள் போவதற்கு முன்பே கியரையும் குறைத்துவிடுங்கள். வளைவுக்கு நடுவில் கிளட்சை மிதித்துக் கியர் தேடுகிறவர்கள்தான் அங்கே நின்றுபோகிறார்கள்.

லாரியைப் பற்றி ஒன்று. நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். அதனால்தான் லாரிக்காரர் வளைவில் வெளிப்பக்கமாக அகட்டிப் பிடிக்கிறார். நம் பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார் என்று கோபப்படாதீர்கள், அவருக்கு வேறு வழியில்லை. உள்பக்கம் இடம் கிடக்கிறதே என்று அந்தச் சந்தில் காரை நுழைத்தால், வெட்டி வருகிற பின்சக்கரத்துக்கும் மலைச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். எதிரே லாரி தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்று அதைப் போக விடுங்கள். முன்னால் லாரி ஏறிக்கொண்டிருந்தால் இரண்டு லாரி நீளம் இடைவெளி விடுங்கள். நின்று கிளம்பும்போது அதுவும் கொஞ்சம் பின்னால் உருளும். ஒரு காரியம் எல்லோருக்கும் தெரிய வேண்டும்: குறுகலான மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவர்தான் ஓரத்தில் நின்று வழிவிட வேண்டும். சாலை விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

இப்படிப் போனால் எஸ் வளைவு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். "இவ்வளவுதானா எக்கா?" என்று கேட்பார்கள். கோட்டைவாசல் கருப்பசாமி கோவிலில் நிறுத்துவோம். லாரி டிரைவர்கள் இறங்கிக் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போவார்கள். நாங்களும் கும்பிடுவோம்.

உண்மையில் இந்தச் சாலையின் அழகு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. புளியரை வரை வயலும் காற்றாலையுமாகப் பார்த்த கண்ணுக்கு, எல்லையைத் தாண்டியதும் ஒரேயடியாகக் காடு. காற்றே ஈரமாக இருக்கும். ஆரியங்காவு சாஸ்தா கோவில் சாலைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. மார்கழியில் அங்கே நடக்கிற திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வருவார்கள். பாலருவிக்குப் போக நினைத்தால் காரை நிறுத்திவிட்டு வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள், கேட்டுக்கொண்டு போங்கள்.

ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் நடுவில் ஓட்டுவதற்கு நான் எத்தனை முறை வேண்டுமானாலும் போவேன். ஒரு பக்கம் பாறையில் மோதி ஓடுகிற ஆறு, மறுபக்கம் மரங்களுக்கு மேலே ரயில் பாதை. வளைவுகள் ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும், ஆனால் எதுவும் ஆளை மிரட்டாது. ஸ்டியரிங்கைச் சுற்றுவதற்கு முன்னால் வளைவு முடிகிற இடத்தைக் கண் தேட வேண்டும் என்று பாளையங்கோட்டை மைதானத்தில் நூறு தடவை சொல்லியிருப்பேன். இங்கே பத்தாவது வளைவில் தானாகவே வந்துவிடும். பானெட்டைப் பார்த்து ஓட்டுகிறவர் நிமிர்ந்து தூரத்தைப் பார்க்கத் தொடங்குவதை நான் பக்கத்து சீட்டிலிருந்து கவனித்துக்கொண்டே இருப்பேன். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் வரும். கல்லால் கட்டிய வளைவுகள், மேலே ரயில். மீட்டர் கேஜ் போய் அகலப் பாதையாகி 2018-இல் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. படம் எடுக்கிறவர்கள் வளைவிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தாண்டிப்போய் அகலமான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

தென்மலை அணையைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவோம். இருட்டுவதற்குள் எஸ் வளைவில் இறங்கியாக வேண்டும்.

இறக்கத்துக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவதில் ஏறினால் இரண்டாவது. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். மறுபடி வேகம் எடுத்தால் மறுபடி அழுத்த வேண்டும். லேசாகக் காலை வைத்துக்கொண்டே வந்தால் பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் 'டி'யிலேயே விட்டுவிடாமல் 'எல்' அல்லது மேனுவலுக்கு மாற்றிக் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. சாவியை அணைத்தால் இன்னும் மோசம். ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் இரண்டு மிதிக்கு மேல் கல்லாகிவிடும்.

வாடை வந்தால் நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டு வாருங்கள். இரவில் பைக்கில் வருகிறவருக்கு அது எமன்.

2024 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றித் தூத்துக்குடிக்கு வந்த லாரி இந்த எஸ் வளைவுப் பக்கம் கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்துபோனார். பக்கத்தில் குடியிருந்த வயதான தம்பதி சத்தம் கேட்டு ஓடிவந்து, டார்ச் அடித்து, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். இறங்கும்போது ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும்.

மாஞ்சோலைக்குக் கூட்டிப் போங்கள் என்றும் கேட்கிறார்கள். அது புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியோடு போகிற கரடுமுரடான எஸ்டேட் பாதை, பழகுவதற்கான இடம் இல்லை.

போன மாசியில் என்னோடு வந்தவர் அறுபத்தொரு வயது அக்கா, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். பேத்தியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் மருமகன் வந்து கூட்டிப் போக வேண்டியிருக்கிறதே என்றுதான் கார் பழகினார். இறக்கத்தில் அவருக்குப் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. "அவன் அடிச்சிட்டுப் போட்டும்மா, நான் ரெண்டாவதுலதான் வருவேன்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் இறங்கினார். புளியரையில் சமதளம் வந்ததும் ஓரம் ஒதுங்கி வேனுக்கு வழிவிட்டார்.

அன்றைக்குச் செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் சாப்பிட்டோம். அதுவரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த செங்கோட்டை 1956 நவம்பரில் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எல்லை மலைக்கு மேலே போய்விட்டது, பார்டர் என்கிற பேர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, பேத்திக்குப் பள்ளிக்கூடம் லீவு விடுகிற தேதியை மகளிடம் போனில் கேட்டார் அக்கா. மருமகனை அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னார்.