இன்சுலின் பாட்டில்: டெல்லி வெயிலில் பத்திரமாக வைப்பதும், சுத்தமாக எடுப்பதும்

ஊரிலிருந்து அப்பாவோ மாமியாரோ டெல்லிக்கு வந்து இறங்கும்போது, முறுக்கு டப்பாவோடு ஒரு இன்சுலின் பாட்டிலும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மாத்திரை என்றால் பிரித்துக் கையில் கொடுத்துவிடலாம். இந்தப் பாட்டிலிலோ, திறந்த நாளிலிருந்து வாரக்கணக்கில் தினமும் ஊசி குத்தப் போகிறோம். அதன் ரப்பர் மூடி சுத்தமாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் மருந்து சூட்டில் கெடாமல் இருக்க வேண்டும். எத்தனை யூனிட் (இன்சுலினை அளக்கும் அலகு), எந்த நேரம் என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியவை, அதற்குள் நான் போகவில்லை. பாட்டிலை முதல் தடவையாகக் கையில் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: கடையிலேயே 40ஆ, 100ஆ என்று பாருங்கள்

நம் நாட்டில் 10 மில்லி பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசிக் கருவியில் போடும் கார்ட்ரிட்ஜ் என்ற மருந்துக் குழல் மில்லிக்கு 100 யூனிட். சில பாட்டில்களும் 100இல் வருகின்றன. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: சிவப்பு மூடி போட்டது 40க்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100க்கு.

மாறிப்போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. 100 பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20ஆம் கோடு வரை இழுத்தால் 50 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் பாட்டில் லேபிளில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள்.

காலாவதி தேதியையும், மருந்தைப் பிரிட்ஜிலிருந்து எடுக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். பகீரத் பேலஸ் மருந்துச் சந்தையில் மொத்த விலைக்குக் கிடைக்கிறதென்று மூன்று மாத மருந்தை மே மாதத்தில் வெறும் பாலிதீன் பையில் மயூர் விஹார் வரை தூக்கி வருவது லாபக் கணக்கில் சேராது. குளிர் தாங்கும் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்திய காருக்குள் பாட்டிலைப் பத்து நிமிஷம்கூட விட வேண்டாம்.

படி 2: பிரிட்ஜில் இடம்

திறக்காத பாட்டிலுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஃபிரீசர் கூடவே கூடாது, ஃபிரீசருக்கு நேர் கீழே இருக்கும் தட்டும் வேண்டாம். ஒரு முறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வீண்தான். தூக்கிப் போட வேண்டியதுதான்.

நம் வீடுகளில் வில்லன் பெரும்பாலும் இட்லி மாவுப் பாத்திரம். அதை உள்ளே தள்ளும்போது மருந்து டப்பாவும் சேர்ந்து நகர்ந்து பின்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் ஐஸ் படியும். நடுத் தட்டில், முன்பக்கமாக, மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அட்டைப் பெட்டியோடு வையுங்கள், வெளிச்சமும் படாது.

படி 3: திறந்த அன்றே தேதி

மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியை மட்டும் கட்டை விரலால் நெம்பி எடுங்கள். அதன் கீழே இருக்கும் அலுமினிய வளையத்தையும் ரப்பரையும் தொடவே வேண்டாம். சிலர் ரப்பரையே கழற்றிவிடுகிறார்கள். அப்புறம் அந்தப் பாட்டிலை நம்ப முடியாது.

உடனே லேபிளில் பேனாவால் இரண்டு தேதி எழுதுங்கள்: திறந்த நாள், தூக்கிப் போடும் நாள். பெரும்பாலான இன்சுலினுக்குத் திறந்த பிறகு 28 நாள் கணக்கு. சில வகைக்குக் கூடுதல் நாள் உண்டு, பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். அச்சிட்ட காலாவதி தேதி இன்னும் ஒரு வருஷம் இருந்தாலும், ஊசி குத்திய பாட்டிலுக்கு அது பொருந்தாது.

இங்கே ஒரு சங்கடம். 40இல் வரும் 10 மில்லி பாட்டிலில் மொத்தம் 400 யூனிட். ஒரு நாளைக்கு 16 யூனிட் போடுபவருக்கு 25 நாளில் தீர்ந்துவிடும், பிரச்சினை இல்லை. ஒரு நாளைக்கு 8 யூனிட் மட்டும் போடுபவருக்கு 28ஆம் நாள் 176 யூனிட் மிச்சம் நிற்கும். காசு போட்டு வாங்கியதை எப்படிக் கொட்டுவது என்று மனசு வராது. "இன்னும் பாதி இருக்கே" என்று பெரியவர்கள் பாட்டிலைத் திரும்ப உள்ளே வைப்பார்கள். அவர்களோடு வாதாடுவதைவிட, 3 மில்லி கார்ட்ரிட்ஜுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேட்பது மேல். விலை கூடுதல், ஆனால் வீணாவது குறையும்.

படி 4: ஒவ்வொரு தடவையும்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ரெகுலர் வகை தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் வேண்டாம். 30/70 போன்ற கலவை வகைகள் இயல்பிலேயே பால் நிறம். அவற்றை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பத்து தடவை மெதுவாக உருட்டுங்கள். குலுக்கினால் நுரை வந்து அளவு தப்பும். உருட்டிய பிறகும் கட்டியாக ஏதாவது மிதந்தாலோ, கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து நின்றாலோ அந்தப் பாட்டில் போச்சு.

ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்துத் தானாகக் காய விடுங்கள். ஊதிக் காய வைக்காதீர்கள். துடைத்த பலனே போய்விடும். புது சிரிஞ்சில், போட வேண்டிய யூனிட் அளவுக்குக் காற்றை இழுத்து, பாட்டிலுக்குள் தள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் நாளாக ஆக உள்ளே வெற்றிடம் உண்டாகி மருந்தை இழுப்பதே கஷ்டமாகும். ஊசியை எடுக்காமல் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, கோடு கண்ணுக்கு நேராக இருக்கும்படி இழுங்கள். குமிழி தெரிந்தால் விரலால் சுண்டிவிட்டு, காற்றை உள்ளே தள்ளி மறுபடி இழுங்கள்.

அடுத்த தடவைக்கு வசதி என்று ஊசியைப் பாட்டிலிலேயே குத்தி வைப்பதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். கிருமி உள்ளே போக அதைவிட நல்ல வாசல் கிடையாது. உடம்பில் குத்திய ஊசி மறுபடி பாட்டிலுக்குள் போகவே கூடாது. அதேபோல், கணவன் மனைவி இருவருக்கும் ஒரே இன்சுலின் என்றாலும் பாட்டில் தனித்தனிதான். இன்சுலினில் கிருமி வளராமல் இருக்க மருந்து கலந்திருக்கிறது, உண்மைதான். மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்களை அது கொல்லும் என்று நம்பக் கூடாது.

படி 5: கரண்ட் போனால், ரயில் ஏறினால்

பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலை 30 டிகிரிக்குள் வெளியே வைக்கலாம் என்று பல தாள்களில் இருக்கும், சிலவற்றில் 25. டெல்லியில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அதற்கு வழியில்லை, பிரிட்ஜ்தான். குளிர்ந்த மருந்து குத்தும்போது வலிக்கும், அதனால் கொஞ்சம் முன்னாடி வெளியே எடுத்து வையுங்கள். குளிர்காலத்தில் வெளியே வைக்கலாம், ஆனால் ரூம் ஹீட்டர் பக்கம் வேண்டாம்.

கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள், நாலு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் மண்பானை. பெரிய பானையில் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் சின்னப் பானை, அதில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பாட்டில், மேலே ஈரத்துணி. லூ என்ற வறண்ட அனல் காற்று வீசும் மே, ஜூனில் தண்ணீர் வேகமாக ஆவியாகி நன்றாகவே குளிரும். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் இதை நம்ப வேண்டாம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு இரண்டு ராத்திரி ஒரு பகல். குளிர் பையில் ஐஸ் பேக் வைத்தால் நடுவில் ஒரு துண்டுத் துணி சுற்றுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் மருந்து உறைந்துவிடும். விமானத்தில் போனால் டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

படி 6: முடிந்த ஊசி

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டில் சேரும் ஊசி, சிரிஞ்சை அபாயக் கழிவாகவே கணக்கிட்டன. காய்கறித் தோலோடு போட்டால் குப்பை பிரிக்கும் பையனின் கையில்தான் குத்தும். தடித்த பிளாஸ்டிக் டிடர்ஜெண்ட் பாட்டிலில் போட்டுக்கொண்டே வாருங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை டேப்பால் ஒட்டி, "ஊசி இருக்கிறது" என்று இந்தியில் பெரிதாக எழுதித் தனியாகக் கொடுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரியோ லேபோ வாங்கிக்கொள்வதாக இருந்தால் அங்கேயே கொடுத்துவிடலாம்.