போலீஸ் உங்கள் போனைக் கேட்டால்: படிப்படியாக

பேஸ்புக்கில் நீங்கள் போட்ட பதிவு மேல் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். "ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க, போனையும் எடுத்துட்டு வாங்க" என்று அழைப்பு வருகிறது. வக்கீல் வந்து சேரும் வரை தமிழ்நாட்டில் என்ன செய்யலாம்?

1. எதை அவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்?
பொதுவில் போட்டதை யாரும் பார்க்கலாம், போலீஸும் பார்க்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்க உங்கள் அனுமதி வேண்டியதில்லை. 'நண்பர்களுக்கு மட்டும்' என்று போட்டதையும் ஒரு நண்பர் காட்டிவிட்டால் போச்சு. போனுக்குள் இருப்பது வேறு விஷயம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அதற்குள் நுழையச் சட்டத்தில் வழி இருக்க வேண்டும்.

2. எதையும் அழிக்காதீர்கள்
பயத்தில் முதலில் செய்யத் தோன்றுவது இதுதான். ஆதாரத்தை மறைக்க மின்னணுப் பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 241-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்.

3. எழுத்தில் கேளுங்கள்
போலீஸ் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.). விசாரணைக்கு அழைக்க அதன் 35(3)-ஆம் பிரிவு நோட்டீஸ், பொருளை ஒப்படைக்கச் சொல்ல 94-ஆம் பிரிவு. 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முறையாக வந்துவிட்டால் கட்டாயம் போங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் நகல் வாங்கி, எந்தப் பிரிவு என்று பாருங்கள். ஐ.டி. சட்டம் 66ஏ என்றிருந்தால், அது 2015-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்து செத்துப்போன பிரிவு. அதற்கப்புறமும் அதில் வழக்குப் போட்ட கூத்து நம் நாட்டில் நடந்திருக்கிறது.

4. "சும்மா பார்த்துட்டுத் தர்றோம்"
என்னைக் கேட்டால், ஆட்கள் சறுக்குவது இங்கேதான். லாக்கைத் திறந்து கையில் கொடுத்தால், நீங்களே சம்மதித்துக் கொடுத்ததாகிவிடும். ஒரு பதிவுக்காகப் போனவரின் வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள், அடுத்தவர் அனுப்பிய சேதிகள் எல்லாம் சேர்ந்தே போகும். குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள்: "சார், எந்தப் பிரிவுல கேக்குறீங்கன்னு எழுதிக் கொடுங்க. வக்கீல்கிட்ட பேசிட்டு வர்றேன்."

பாஸ்வேர்டைச் சொல்லியே ஆக வேண்டுமா? நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. தேடுதல் வாரண்ட் இருந்தால் கேட்கலாம் என்றது கர்நாடக உயர் நீதிமன்றம் (2021). குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் (2022). அரசியலமைப்பின் 20(3) தன்னையே காட்டிக்கொடுக்க வைப்பதைத் தடுக்கிறது. சண்டை அதை வைத்துத்தான். இதை மட்டும் வக்கீல் இல்லாமல் முடிவு செய்யாதீர்கள். கைது செய்து விசாரித்தால், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை பி.என்.எஸ்.எஸ். 38-ஆம் பிரிவில் இருக்கிறது. கையில் காசில்லையா, 15100-க்கு அடியுங்கள். இலவச சட்ட உதவி கிடைக்கும்.

5. பறிமுதல் செய்தால்
தடுக்காதீர்கள், மகஜரை (எதை எடுத்தார்கள் என்று எழுதும் பறிமுதல் பட்டியல்) வரி வரியாகப் படியுங்கள். மாடல், நிறம், இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் (போனின் அடையாள எண்கள்), சிம், மெமரி கார்டு, கண்ணாடியில் கீறல் இருந்தால் அதுவும் அதில் ஏற வேண்டும். ஐ.எம்.இ.ஐ. எண்ணை *#06# அடித்து முன்பே குறித்து வையுங்கள். பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவின்படி பறிமுதலை வீடியோ எடுக்க வேண்டும். எடுக்கிறார்களா என்று பாருங்கள். தகவலை நகலெடுத்தால் ஹாஷ் மதிப்பைக் (அந்தத் தகவலிலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்) கேளுங்கள். பின்னால் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

6. திரும்ப வாங்க
மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடலாம். போன் வாங்கிய பில்லும் மகஜர் நகலும் இணைப்பது நல்லது.