கொள்கை ஆய்வு நிறுவனத் தலைவருக்குப் பணி நிறைவு விழா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்சியில் இல்லாமலேயே ஆட்சியின் முடிவுகளை மாற்றப் பார்ப்பவை கொள்கை ஆய்வு நிறுவனங்கள். ஆய்வறிக்கை எழுதுவது, அதை அமைச்சர் மேசை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது, இதுதான் அங்கே அன்றாட வேலை. அப்படி ஒரு நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர் ஓய்வு பெறும்போது விழா எடுப்பது முறைதான். ஆனால் பொன்னாடை, கேடயம், விழா மலர் என்று எல்லாம் தயாராக இருந்தும், அவர் செய்த வேலை மட்டும் மேடைக்கு வராமல் போய்விடுகிறது.

இதில் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ததாகப் பேசுவது. வாஷிங்டனில் உள்ள ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற கொள்கை ஆய்வு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்வின் ஃபியூல்னர் 1977-லிருந்து 2013 வரை அதன் தலைவர். ஆனால் 1973-ல் நிறுவனம் தொடங்கியபோது பால் வெய்ரிச்சும் உடன் இருந்தார். பணம் கொடுத்தவர் ஜோசப் கூர்ஸ். 1981-ல் அமெரிக்க அதிபர் ரீகனின் அரசுக்காகத் தயாரித்த, 1,000 பக்கங்களுக்கும் மேலான கொள்கைக் கையேடுதான் அதற்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. அதைத் தொகுத்தவர் சார்லஸ் ஹெதர்லி, எழுதியவர்கள் பலர். ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களை எழுதவைத்து, சரியான நேரத்தில் சரியான கைக்கு அனுப்பியதுதான் ஒரு தலைவரின் திறமை. அதைச் சொன்னாலே அவருக்குப் பெருமை. ‘தனி ஒருவராக நாட்டை மாற்றினார்’ என்று பேசினால், அத்தியாயம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும்?

அடுத்தது, அடுத்த தலைவரை ஓரமாக உட்காரவைப்பது. ஹெரிடேஜில் ஃபியூல்னருக்குப் பிறகு வந்தவர் செனட்டராக இருந்த ஜிம் டெமிண்ட். 2017 மே மாதம் நிர்வாகக் குழு அவரைப் பதவி விலகச் சொன்னது. ஃபியூல்னரே திரும்பி வந்து இடைக்காலத் தலைவராக இருந்தார். 2018 தொடக்கத்தில் கே கோல்ஸ் ஜேம்ஸ் பொறுப்பேற்றார். ஒரு விழாவோடு தலைமை மாற்றம் முடிந்துவிடுவதில்லை. ‘இவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது’ என்று மேடையில் அடித்துச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை புதியவரிடம் பொறுப்பைக் கொடுப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சண்டையை மறைப்பதும் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் இன்னொரு கொள்கை ஆய்வு நிறுவனமான கேட்டோவை 1977-ல் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கிரேன் 2012-ல் ஓய்வு பெற்றார். அதற்கு முன்பு, நிறுவனத்தின் பங்குகள் யாருக்கு என்று, அதன் பங்குதாரர்களான தொழிலதிபர்கள் கோக் சகோதரர்கள் நீதிமன்றம் போனார்கள். முடிவில் சமரசம் ஏற்பட்டது: கிரேன் விலகுவார், பங்குதாரர் முறை போய் நிறுவனம் நிர்வாகக் குழுவின் கீழ் வரும். கடைசிக் காலத்தில் நடந்த இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தொடாமல், கிரேனைப் பற்றி என்ன வாழ்த்துரை சொல்ல முடியும்? காயம் படாமல் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அரங்கில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே.

அரசியல்வாதிகளை அழைப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற இத்தகைய அறநிறுவனங்கள் எந்த வேட்பாளருக்கும் பிரசாரம் செய்யக் கூடாது. தேர்தல் நேரத்தில் வாழ்த்த வந்தவர் வாக்குக் கேட்டுவிட்டால் சிக்கல் நிறுவனத்துக்குத்தான்.

அப்புறம் நினைவுப் பரிசு. வெள்ளித்தட்டு அலமாரிக்குப் போய்விடும். மால்கம் ஆதிசேஷையா 1971-ல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தவர். இன்று அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை, வளர்ச்சி ஆய்வில் சிறந்த பங்களிப்பு செய்தவர்களுக்கு விருது தருகிறது. அவர் மதித்த வேலையை வேறு ஒருவர் செய்யும்போது அவர் பெயர் சொல்லப்படுகிறது. இளம் ஆய்வாளருக்கு ஓர் உதவித்தொகை, ஓய்வு பெறும் தலைவருடைய கடிதங்களையும் கோப்புகளையும் ஒழுங்குபடுத்திய ஆவணக் காப்பகம், இவையெல்லாம் நல்ல பரிசு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் அவரிடமே கேளுங்கள்.

நிகழ்ச்சி நிரல்தான் என்னை மிகவும் வருத்தப்படுத்துவது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பத்து வாழ்த்துரை எல்லாம் முடிந்து ஏற்புரைக்கு வரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். பாதி அரங்கு சாப்பாட்டுக்குப் போயிருக்கும். எந்த யோசனை தோற்றது, எந்த அமைச்சர் காதுகொடுத்தார், எதை இன்னும் செய்யவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். வாழ்த்துரையை மூன்றோடு நிறுத்திவிட்டு, அவருக்கு நடுவிலேயே அரைமணி நேரம் கொடுங்கள். அவர் பேசி முடித்ததும் இளையவர்கள் கேள்வி கேட்கவும் நேரம் இருக்கட்டும்.