வீட்டு டே கேரைப் பெரிதாக்க ரீசோனிங் தேவையா? கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃப்ரீமான்ட்டில் என் வீட்டிலேயே டே கேர் நடத்துகிறேன். முதலில் சின்ன லைசென்ஸ் (8 பிள்ளைகள் வரை), இப்போது பெரிய லைசென்ஸ் (14 வரை). பே ஏரியாவில் இதே வேலையில் இருக்கும் நம் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "அக்கா, எட்டுப் பிள்ளைகளிலிருந்து பதினாலுக்குப் போகணும். அதுக்கு வீட்டை ரீசோனிங் பண்ணணுமாமே? அதைச் செஞ்சு தர ஒருத்தர் பெரிய தொகை கேக்கறார்."

ரீசோனிங் என்றால், உங்கள் மனையை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சிட்டி வகுத்திருக்கும் பிரிவையே (சோன்) மாற்றுவது. கலிபோர்னியாவில், நீங்களே குடியிருக்கும் வீட்டில், 14 பிள்ளைகள் வரை என்றால் ரீசோனிங் வேண்டாம். யாருக்கும் அதற்காக ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு. அங்கே இருப்பவர்கள் தங்கள் ஊர் பிளானிங் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

இந்தக் குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2019 வரை, பெரிய லைசென்ஸ் வேண்டுமென்றால் சிட்டி தனியாக ஒரு பர்மிட் கேட்கலாம் என்றுதான் சட்டம் இருந்தது. 100 அடி சுற்றளவில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். ஒரே ஒருவர் கேட்டால்கூட பொது விசாரணை நடக்கும். பார்க்கிங், சத்தம், அடுத்த டே கேர் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கேள்விகள் வரும். அந்த ஆண்டில் செனட்டர் நான்சி ஸ்கின்னர் கொண்டுவந்த எஸ்பி 234 என்ற மசோதா நிறைவேறி, 2020 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. வீட்டு டே கேர் சின்னதோ பெரியதோ, அது குடியிருப்புப் பயன்பாடுதான், உரிமையாகவே நடத்தலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தனி வீடு, டவுன்ஹவுஸ், அபார்ட்மென்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சிட்டி சோனிங் பர்மிட் கேட்கக் கூடாது, பிசினஸ் லைசென்ஸ் கட்டணமோ வரியோ போடக் கூடாது, கட்டடத்தின் வகை மாறிவிட்டது என்றும் சொல்லக் கூடாது. ஹெல்த் அண்ட் சேஃப்டி கோட், பிரிவு 1597.45. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், சில ஊர்களின் சட்டப் புத்தகத்தில் பழைய வரிகள் இன்னும் நீக்கப்படாமல் கிடக்கின்றன. கவுன்டரில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தோடுதான், "பெரிய டே கேருக்கு யூஸ் பர்மிட் வேண்டும்" (இடத்தை இப்படிப் பயன்படுத்த சிட்டி தரும் தனி அனுமதி) என்று ஒரு படிவத்தை நீட்டுவார். வாக்குவாதம் வேண்டாம். அந்தப் பிரிவை அச்சடித்துக் கையில் கொண்டு போங்கள். "இந்தப் பிரிவுக்குப் பிறகும் உங்கள் பர்மிட் தேவையா, எழுத்தில் சொல்ல முடியுமா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் மேலதிகாரியிடம் போகும், சரியான பதில் வரும். அந்தப் பதிலை லைசென்ஸ் கோப்பிலேயே சேர்த்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது தலைக் கணக்கு. எல்லாமே இதை வைத்துத்தான். சின்ன லைசென்ஸில் 6 பிள்ளைகள், சில நிபந்தனைகளோடு 8. பெரிய லைசென்ஸில் ஓர் உதவியாளரோடு 12 பிள்ளைகள். அதில் இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 14 வேண்டுமென்றால் கைக்குழந்தைகள் மூன்றுக்கு மேல் கூடாது, ஒரு பிள்ளையாவது கிண்டர்கார்டனிலோ அதற்கு மேலோ படிக்க வேண்டும், இன்னொரு பிள்ளைக்கு ஆறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதாவது கடைசி இரண்டு இடங்களும் பள்ளி விட்டு வரும் பெரிய பிள்ளைகளுக்குத்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் 14 கைக்குழந்தைகளுக்கான வருமானத்தை மனசில் போட்டு வீட்டுக்கடன் கணக்குப் பார்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்கள் சொந்தப் பிள்ளைகள் பத்து வயதுக்குள் இருந்தால் அவர்களும் இந்த எண்ணிக்கைக்குள் வருவார்கள்.

பெரிய லைசென்ஸுக்கு, சின்ன டே கேரை ஓராண்டாவது நடத்திய அனுபவமோ அதற்கு ஈடான சென்டர் அனுபவமோ வேண்டும். ஆகவே சின்ன லைசென்ஸில் தொடங்கியவர்கள் முதல் நாளிலிருந்தே வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். வீட்டுக்காரர் டே கேரைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் தொடங்குவதற்கு 30 நாள் முன்னால் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு எல்ஐசி 9151 என்று ஒரு படிவம் இருக்கிறது. அவருடைய சம்மதம் தேவைப்படுவது அந்தக் கூடுதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான்: ஆறிலிருந்து எட்டு, பன்னிரண்டிலிருந்து பதினாலு. அதற்கு எல்ஐசி 9149. ஹெச்ஓஏ (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) விதியில் "வீட்டில் தொழில் கூடாது" என்று எழுதியிருந்தாலும் டே கேர் விஷயத்தில் அது செல்லாது. இன்சூரன்ஸில் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி ஹெச்ஓஏவோ வீட்டுக்காரரோ கேட்கலாம். அது நியாயமான கேட்புதான், சேர்த்துக் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

சிட்டியில் நீங்கள் உண்மையில் தயாராக வேண்டியது தீயணைப்புத் துறைக்கு. பெரிய லைசென்ஸுக்கு ஃபயர் கிளியரன்ஸ் கட்டாயம். லைசென்ஸ் அலுவலகமே தீயணைப்புத் துறைக்குக் கோரிக்கை அனுப்பும், அவர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். என் வீட்டுக்கு வந்த இன்ஸ்பெக்டர் பொம்மைகளையும் படுக்கைகளையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக வாசல் கதவுக்குப் போய், உள்ளே நின்றபடி பூட்டைத் திறந்து பார்த்தார். சாவி இல்லாமல் ஒரே திருப்பில் திறக்க வேண்டும். உள்ளேயும் சாவி போடும் பூட்டு இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். பிறகு ஹாலின் கண்ணாடிக் கதவு வழியாகப் பேக்யார்டுக்குப் போய், அங்கிருந்து பக்கவாட்டுச் சந்து வழியாகத் தெரு வரைக்கும் நடந்தார். அந்தச் சந்தில்தான் நம் வீடுகளில் குப்பைத் தொட்டி, பழைய சைக்கிள், கறிவேப்பிலைத் தொட்டி எல்லாம் வரிசையாக இருக்கும். இரண்டாவது வெளிவாசல் என்று நீங்கள் காட்டுவது தெரு வரை தடையில்லாமல் போக வேண்டும். வேலிக் கதவின் தாழ்ப்பாள் உள்ளிருந்து சுலபமாகத் திறக்க வேண்டும்.

பிறகு கருவிகள். 2ஏ 10பிசி அளவுள்ள தீயணைப்பான் வேண்டும், கடையில் கிடைக்கும் சின்னச் சமையலறை சைஸ் போதாது. புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டும் வேலை செய்ய வேண்டும். இதோடு பெரிய டே கேருக்கு மட்டும் ஒரு கையால் இயக்கும் தீ அலாரம் கேட்பார்கள். இழுத்தால் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒலிக்க வேண்டும். எங்கே மாட்டுவது என்பதை இன்ஸ்பெக்டரிடம் முதலிலேயே தொலைபேசியில் கேட்டுக்கொண்டால் சுவரில் இரண்டு முறை ஓட்டை போட வேண்டியதில்லை. மாடி அறைகளில் பிள்ளைகளை வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள், அங்கே விதி கடுமை. கராஜை வகுப்பறை ஆக்க ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு பில்டிங் பர்மிட் எடுத்து முறையாக மாற்ற வேண்டும். எஸ்பி 234 சோனிங்கிலிருந்துதான் விடுவித்தது, பில்டிங் பர்மிட்டிலிருந்து இல்லை.

லைசென்ஸ் பக்கம் வேலை நேரானது. மாநில சோஷியல் சர்வீசஸ் துறையின் கம்யூனிட்டி கேர் லைசென்சிங் பிரிவுக்கு எல்ஐசி 279 விண்ணப்பம், வீட்டு வரைபடம், அவசரகாலத் திட்டம், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருடைய கைரேகை. ஊரிலிருந்து மாமியார் வந்து மாதக்கணக்கில் தங்குவார் என்றால் அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வரைபடத்தில் எந்த அறைக்குள் பிள்ளைகள் போகக் கூடாது என்பதைத் தெளிவாகக் குறியுங்கள், குறித்த அறையைப் பூட்டியும் வையுங்கள். ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் மாடிப்படிக்குத் தடுப்பு வேண்டும். நீச்சல்குளம் இருந்தால் ஐந்தடி வேலி, அல்லது விதிப்படியான மூடி. படிவங்களில் தடுமாறினால் அலமேடா கவுண்டியில் 4சிஸ் என்ற அமைப்பு கைப்பிடித்து வழிநடத்துவார்கள். ஒவ்வொரு கவுண்டியிலும் இப்படி ஓர் அமைப்பு உண்டு.

அக்கம்பக்கத்தாரிடம் சொல்ல வேண்டும் என்று இப்போது சட்டம் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லுங்கள். காலை எட்டரைக்குப் பத்துக் கார்கள் ஒன்றாக வந்து நின்றால் யாருக்கும் கோபம் வரும். நான் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்திலேயே ஆளுக்கு ஒரு நேரம் எழுதிவிடுவேன். எதிர்வீட்டு டிரைவ்வேயில் காரைத் திருப்பக் கூடாது என்றும் ஒரு வரி இருக்கும்.

இனி 14-ஐத் தாண்ட நினைப்பவர்களுக்கு. பதினைந்தாவது பிள்ளை வந்த நிமிடம் அது வீட்டு டே கேர் இல்லை, டே கேர் சென்டர். மேலே சொன்ன எஸ்பி 234 சட்டப் பாதுகாப்பு எதுவும் அதற்குக் கிடையாது. முதலில் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். சென்டரில் ஒரு பிள்ளைக்கு உள்ளே 35 சதுர அடி, வெளியே 75 சதுர அடி விளையாட்டிடம் வேண்டும். 24 பிள்ளைகள் என்றால் உள்ளே 840, வெளியே 1,800. குளியலறை, நடைவழி, சமையலறை எதுவும் உள்ளே கணக்கில் வராது. 1,500 சதுர அடி வீட்டில் இந்த 840 கிடைத்துவிட்டால் நீங்கள் குடியிருக்க மிச்சம் என்ன இருக்கும் என்று பாருங்கள். கட்டடத்தின் வகையும் மாறுவதால் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறை, சாய்தளம், ஸ்பிரிங்க்ளர் என்று செலவு ஏறும்.

அளந்த பிறகும் முடியும் என்று தோன்றினால், உங்கள் சோனில் டே கேர் சென்டர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று சிட்டி இணையதளத்தில் பாருங்கள். "கண்டிஷனல் யூஸ்" (நிபந்தனையோடு அனுமதி) என்று இருந்தால் ரீசோனிங் வேண்டாம், யூஸ் பர்மிட் போதும். விண்ணப்பிக்கும் முன் பிளானரோடு ஒரு முன்கூட்டிய சந்திப்பு கேளுங்கள். அதில் செலவாகும் பணம் வீண் போகாது, எது நடக்காது என்பதை அங்கேயே சொல்லிவிடுவார்கள். பிறகு மனை வரைபடம், பார்க்கிங், கார்கள் வந்து போகும் வழி, பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரணைக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் 300 அடிக்குள் இருக்கும் சொத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும். அந்த நோட்டீஸ் தபால்பெட்டிக்குள் விழுவதற்கு முன்னால் நீங்களே அவர்கள் வாசலில் போய் நில்லுங்கள். விசாரணையில் உங்கள் வக்கீலைவிட, நடந்தே பிள்ளையைக் கொண்டுவந்து விடக்கூடிய இரண்டு பெற்றோர் பேசினால் அதிகம் எடுபடும். கிடைக்கும் பர்மிட் மண்ணோடு ஒட்டியது, நீங்கள் வீட்டை விற்றாலும் அடுத்தவருக்கு அது போகும்.

பட்டியலிலேயே இல்லை என்றால்தான் உண்மையான ரீசோனிங். பிளானிங் கமிஷன் விசாரித்துப் பரிந்துரைக்கும், முடிவு சிட்டி கவுன்சில் கையில். ஊரின் ஜெனரல் பிளானோடு (நீண்டகால வளர்ச்சித் திட்டம்) புதிய சோன் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த பிளானையே திருத்த வேண்டும், அதன் ஒவ்வொரு முக்கியப் பகுதியையும் ஆண்டுக்கு நாலு முறைக்கு மேல் திருத்தக் கூடாது என்பதால் உங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். தெரு முழுக்க வீடுகள், நடுவில் ஒரே மனைக்கு மட்டும் வேறு சோன் என்பதைக் கவுன்சில்கள் விரும்புவதில்லை, பக்கத்து வீட்டார் வழக்குப் போடவும் இடம் கொடுக்கும். கட்டணமும் வரைபடச் செலவும் ஆயிரக்கணக்கில் போகும், முடிவு உறுதியில்லை. 24 பிள்ளைகளுக்காக ஒரு குடும்பம் இந்த வழியில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். வார நாட்களில் காலியாகக் கிடக்கும் சர்ச் வகுப்பறைகளை விசாரியுங்கள். அங்கேயும் யூஸ் பர்மிட் கேட்கலாம், ஆனால் பார்க்கிங்கும் அகலமான கதவும் ஏற்கெனவே இருக்கும்.

டே கேருக்காகவே இரண்டாவது வீடு வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வீட்டு லைசென்ஸ் நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான், டே கேர் நடக்கும் நேரத்தில் நூற்றுக்கு எண்பது பங்காவது நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். ஆள் வைத்துத் தூரத்திலிருந்து நடத்த வழியில்லை. குடிபோகவே வாங்குகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் பில்டிங் அலுவலகத்தில் அந்த வீட்டின் பர்மிட் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். "கூடுதல் அறை" என்று விளம்பரத்தில் இருப்பது பர்மிட் இல்லாமல் மூடிய கராஜாக இருந்தால், அந்த அறையில் ஒரு பிள்ளையைக்கூட உட்கார வைக்க முடியாது.