கடை வேலையிலிருந்து அலுவலக வேலைக்கு: பலரும் சறுக்கும் இடங்கள்

கடையில் வேலை பார்த்தவர்கள் அலுவலக வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் ரெஸ்யூமிலேயே தோற்றுவிடுகிறார்கள். இருக்கிற அனுபவத்தை அவர்களே கணக்கில் சேர்ப்பதில்லை, அதுதான் காரணம். "சேல்ஸ்மேன், மூன்று வருடம்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே "வாடிக்கையாளர்களைக் கவனித்தல், பில் போடுதல், சரக்கு அடுக்குதல்". கடையில் ஒரு மாதம் நின்றவரும் இதையே எழுதலாமே! பிறகு உங்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ராத்திரி கடை மூடும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கல்லாவை எண்ணுகிறீர்கள். சிஸ்டம் காட்டும் தொகையைவிட ரொக்கம் குறைகிறது. குறைகிற தொகைக்கு அன்றைக்கு ஏதாவது பில் இருக்கிறதா என்று தேடுகிறீர்கள். ஒன்று கிடைக்கிறது. அன்றைய கார்டு வரவின் மொத்தத்தைக் காட்டும் செட்டில்மென்ட் ஸ்லிப்பைக் கார்டு மெஷினில் எடுத்துப் பார்த்தால் அங்கே அதே தொகை கூடுதலாக நிற்கிறது. கார்டில் வந்த பணத்தை யாரோ ரொக்கம் என்று பதிந்திருக்கிறார்கள். பதிவைத் திருத்திவிட்டுக் கிளம்புகிறீர்கள். அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒருவர் மேஜையில் உட்கார்ந்து வங்கிக் கணக்கையும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகமான லெட்ஜரையும் ஒப்பிடும்போது செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். அதேபோல, வந்திறங்கிய சரக்கை ஆர்டரோடும் இன்வாய்ஸோடும் சரிபார்த்து, உடைந்ததற்கான தொகையைக் கழித்துக்கொள்ள சப்ளையரிடம் கிரெடிட் நோட் கேட்டு வாங்கியிருப்பீர்கள். திடீரென்று ஒருவர் லீவு போட்டால் ஷிப்ட் அட்டவணையை மாற்றி அன்றைய பொழுதை ஓட்டியிருப்பீர்கள். ரெஸ்யூமில் வர வேண்டியது இவைதான். "தினசரி கல்லாக் கணக்கை முடித்து, வித்தியாசம் வந்தால் அன்றே காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்தேன்" என்ற ஒரு வரி, "கடின உழைப்பாளி" என்று பத்து தடவை எழுதுவதைவிட மேல்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கேஷியராக இருந்தவர் "ஆபரேஷன்ஸ் மேனேஜர்" என்று போட்டுக்கொள்வது. பல நிறுவனங்கள் பழைய இடத்தில் பதவியையும் தேதிகளையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளும். வேலையை விரித்து எழுதுங்கள், பதவியின் பெயரைத் தொடாதீர்கள்.

அடுத்தது, "ஏதாவது ஒரு ஆபீஸ் வேலை கிடைத்தால் போதும்" என்கிற மனநிலை. ஆபீஸ் வேலை என்று தனியாக ஒரு வேலை கிடையாது. அக்கவுன்ட்ஸ், எச்.ஆர்., பர்சேஸ், கஸ்டமர் சப்போர்ட், சப்ளை செயின் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு உலகம். கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே ரெஸ்யூமை அனுப்புகிறவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஸ்டாக் பார்த்தவருக்கு இன்வென்டரியும் பர்சேஸும் பக்கத்துத் தெரு. கல்லாவில் இருந்தவருக்கு அக்கவுன்ட்ஸ் உதவியாளர் வேலை, ரிட்டர்னும் புகாரும் பார்த்தவருக்குக் கஸ்டமர் சப்போர்ட். முதல் தாவலுக்கு இப்படிப் பக்கத்தில் இருப்பதைப் பிடிப்பதுதான் எளிது. பல கிளைகள் உள்ள நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் தலைமை அலுவலகத்திலேயே இடம் காலியா என்று கேட்கக்கூட மாட்டார்கள். எனக்கு இது எப்போதும் புரியாத விஷயம். பொருளும் சிஸ்டமும் தெரிந்த ஆள் அங்கே புதிதாகக் கற்க வேண்டியது குறைவு.

சர்டிபிகேட் சேர்ப்பதும் ஒரு பொறி. என்ன வேலை என்று முடிவாகும் முன்பே மூன்று கோர்ஸ் முடித்துவிடுவார்கள், இன்டர்வியூவில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து கொடுத்தால் கை நடுங்கும். ஆரம்ப நிலை வேலைகள் பலவற்றுக்கு எக்செல்லில் ஃபில்டர், சார்ட், நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப் (SUMIF), ஒரு பட்டியலில் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப் (XLOOKUP) அல்லது விலுக்கப் (VLOOKUP), நீளமான பட்டியலைச் சுருக்கித் தொகுக்கும் பிவட் டேபிள் இவ்வளவு கைவந்தாலே நல்ல தொடக்கம். சரக்குப் பெயர், வந்த தேதி, விற்றது, மீதி என்று கற்பனையாக ஐந்நூறு வரி போட்டு, எது ஓடவில்லை என்று பிவட்டில் எடுத்துப் பாருங்கள். இன்டர்வியூவில் பேசவும் அதில் விஷயம் இருக்கும்.

கையில் ஆஃபர் லெட்டர் வராமல் ராஜினாமா செய்யாதீர்கள். ஷிப்டுக்கு நடுவில் இன்டர்வியூவுக்குப் போவது கஷ்டம்தான். வாராந்திர விடுமுறை எந்த நாள் என்று சொல்லி அன்றைக்கு நேரம் கேட்டால் பலரும் ஒத்துக்கொள்வார்கள். கிளம்பும்போது நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்து, அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

"ஏன் மாற நினைக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு "நின்று நின்று கால் வலிக்கிறது, ஞாயிறு லீவே இல்லை" என்று சொல்வது உண்மைதான், ஆனால் அதில் அவர்களுடைய வேலையைப் பற்றி ஒன்றுமே இல்லை. கடை வேலையில் எந்தப் பகுதி பிடித்தது, அதையே முழுநேரமாகச் செய்ய ஏன் விருப்பம் என்று சொல்லுங்கள். சம்பளம் பேசும்போதும் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். இன்சென்டிவ், ஓவர்டைம், ஊழியர் தள்ளுபடி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் புது வேலையில் கைக்கு வருவது குறையலாம். சில மாதம் அதைத் தாங்க முடியுமா என்று முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு வருகிற தவறுகளைத்தான் யாரும் எச்சரிப்பதில்லை. கடையில் வேலை தானாக எதிரே வந்து நிற்கும். வாடிக்கையாளர் வருவார், லாரி வரும். அலுவலகத்தில் நாள் முழுக்க யாரும் எதுவும் சொல்லாமல் போகலாம். சும்மா உட்கார்ந்திருக்கப் பயந்து கூப்பிட்டவருக்கெல்லாம் ஓடி ஓடி உதவினால், உங்கள் பெயரில் இருக்கும் வேலை அப்படியே கிடக்கும். காலையில் மேலாளரிடம் "இன்றைக்கு இந்த இரண்டையும் முடிக்கிறேன், வேறு ஏதாவது முதலில் வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று, கடையில் வாய்ச்சொல்லே போதும். இங்கே பேசி முடித்ததையும் இரண்டு வரி மெயிலாகப் போட வேண்டும்: யார், என்ன, எந்தத் தேதிக்குள். அப்புறம், மெயில் வந்த அடுத்த நொடியே பதில் போட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். கவுன்டரில் நிற்கிறவரைக் காக்க வைக்கக் கூடாது; மெயில் பெரும்பாலும் அரை மணி நேரம் காத்திருக்கும்.