அமானுஷ்ய நாவலைப் பதின்ம வயதினருக்குக் கொடுக்கும் முன்

பள்ளியில் யாரோடும் ஒட்டாத ஒருவனின் கண்ணுக்கு மட்டும் இறந்தவர்கள் தென்படுவதாக நகரும் திகில் நாவலைப் பதின்ம வயதினரிடம் கொடுக்கும் முன், அதன் கடைசி அத்தியாயங்களை நீங்கள் படித்துவிடுங்கள். பேய் எவ்வளவு பயமுறுத்துகிறது என்பது பெரிய விஷயமல்ல. அதை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். தற்கொலை செய்துகொண்ட பாத்திரம் ஆவியாகத் திரும்பி, உயிரோடு இருந்தபோது கிடைக்காத அன்பையும் நியாயத்தையும் பெற்றுவிடுகிறதா என்பதையே கவனிக்க வேண்டும். அப்படியானால் கதை சாவையே ஒரு வழியாகக் காட்டிவிடுகிறது. திரை, நாடகத் துறையினருக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி, தற்கொலை முறையை விவரிப்பதைத் தவிர்த்து, நெருக்கடியிலிருந்து மீளும் பாத்திரங்களைக் காட்டச் சொல்கிறது. இந்த அளவுகோல் நாவலுக்கும் பொருந்தும். குறைபட்ட நாவல் ஏற்கெனவே கையில் இருந்தால், அதைப் பறிக்காமல் நீங்களும் படித்து, நாயகன் ஏன் உயிருள்ள ஒருவரிடமும் மனம் திறக்கவில்லை என்று பேச்சைத் தொடங்குங்கள்.