கூண்டு வெளியே வந்தாலே ஊசியா? நாய், பூனையைப் பயமில்லாமல் கிளினிக்குக் கொண்டுபோக

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில், பூனையைக் கிளினிக்குக் கொண்டுபோக அரிசிச் சாக்கு போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாய் கட்டிய சாக்கு, கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளின் முன்கூடை, செம்பனைக்கு நடுவே செம்மண் பாதைக் குலுக்கல், அதற்குப் பிறகு ஈப்போ நகரம் வரை லாரிச் சத்தம். போய்ச் சேரும்போது பூனை மூத்திரத்தில் நனைந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அந்த நிலையில் டாக்டரால் எது நோய், எது பயம் என்று பிரித்துச் சொல்வது கடினம். பயந்த பூனைக்கு இரத்தத்தில் சர்க்கரைகூட ஏறிக் காட்டும். நீரிழிவு இல்லாத பூனைக்கும் அப்படித்தான்.

பயம் கிளினிக்கில் தொடங்குவதில்லை. ஸ்டோரில் கிடக்கும் கூண்டை இறக்கும் சத்தத்திலேயே தொடங்கிவிடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை, ஊசிக்கு மட்டும் வெளியே வருகிற பொருள் அது. ஆகவே பாதி வேலை இரண்டு வாரத்துக்கு முன்பே வீட்டில் முடிய வேண்டும்.

பூனையும் கூண்டும்

கெட்டி பிளாஸ்டிக் கூண்டு வாங்குங்கள். மேல்பாதி தனியாகக் கழன்று வருவதாக இருக்க வேண்டும். பூனை எழுந்து திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரியது என்றால் வளைவில் உள்ளேயே உருளும்.

முதல் மூன்று நாள் மேல்பாதி வேண்டாம். அடித்தட்டை மட்டும், பூனை வழக்கமாகப் படுக்கிற மூலையில் வையுங்கள். அது படுத்துப் புழங்கிய துணியைத் துவைக்காமல் அதில் விரியுங்கள். சாப்பாட்டுத் தட்டு முதலில் அருகில், பிறகு விளிம்பில், பிறகு உள்ளே. நான்காம் நாள் மேல்பாதியை மாட்டலாம், கதவு இன்னும் வேண்டாம். தானாக உள்ளே போய்ச் சாப்பிட்டு வருகிறது என்றால் கதவை மாட்டி, ஐந்து விநாடி மூடித் திறங்கள். மறுநாள் அரை நிமிடம், அடுத்து இரண்டு நிமிடம். அதன் பிறகுதான் தூக்க வேண்டும். மேல் கைப்பிடியைப் பிடித்தால் கூண்டு ஊஞ்சலாடும். அடியில் கைகொடுத்து நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால். பூனை முதன்முதலாக உள்ளே நுழைந்த அன்றே கதவைச் சாத்தினால், பழையபடி வெறும் அடித்தட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஊக்கத் தீனிக்கு வேகவைத்த கோழி, பட்டாணி அளவு. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைக்கும்.

நாய்க்கு

தோட்டத்து நாய் பலவும் சங்கிலியில் வளர்ந்தவை. யாரும் காதைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள், பாதத்தைப் பிடித்திருக்க மாட்டார்கள். டாக்டரின் கை முதல் கையாக இருக்கக் கூடாது. தினமும் ஒருமுறை காது, பாதம், உதடு என்று ஒவ்வொன்றையும் மூன்று விநாடி பிடித்து, ஒரு துண்டு கோழி கொடுங்கள். உண்ணி பார்க்கும் வேலையும் அதோடு முடிந்துவிடும்.

கடிக்கிற பழக்கம் இருந்தால், கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் வாய்க்கூட்டுக்கும் பழக்க வேண்டும். கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள். அதற்குள் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்க முடியும், தண்ணீரும் குடிக்கும். வாயை இறுக்குகிற துணிவகை நம் வெயிலுக்கு ஆபத்து, நாய் உடல்சூட்டைத் தணிப்பதே இரைத்துத்தான். வாய்க்கூட்டின் உள்ளே கோழியை வைத்துக் காட்டி, நாயே மூக்கை நுழைக்க விடுங்கள். வாரைப் பூட்டுவது நான்கைந்து நாள் கழித்து. கழுத்துப்பட்டையில் இரண்டு விரல் நுழையும் இறுக்கம் சரி. அதைவிடத் தளர்ந்திருந்தால் கிளினிக் வாசலில் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும்.

மருந்து

இவ்வளவுக்கும் அடங்காதவற்றுக்கு மருந்து உண்டு. பூனைக்குப் பெரும்பாலும் காபாபென்டின், நாய்க்கு அதுவோ டிராசோடோனோ. எடை பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். காபாபென்டின் புறப்படுவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு கொடுப்பது. அன்றைக்குக் கால் தள்ளாடும், உயரத்தில் ஏற விடாதீர்கள். மனிதர்களுக்கான திரவ காபாபென்டினில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் கலந்திருக்கலாம். நாய்க்கு அது விஷம். பனடோலை (பாராசிட்டமால்) தொடவே வேண்டாம், ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

போகிற நாள்

விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், வேலை முடித்து, இரண்டு மணி வெயிலில் புறப்படுவதுதான் பலருக்கும் வசதி. விலங்குக்கு அது மிக மோசமான நேரம். போனில் கேட்டு அன்றைய முதல் நேரத்தையோ கடைசி நேரத்தையோ வாங்குங்கள். பயணத்தில் வாந்தி எடுக்கும் விலங்கு என்றால் மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தலாம். குட்டிகளைப் பட்டினி போடக் கூடாது. மயக்க மருந்து கொடுக்கப்போகிறார்கள் என்றால் டாக்டர் சொன்ன கணக்குதான்.

காரில் கூண்டை முன்சீட்டுக்குப் பின்னால், தரையில் வைத்துத் துண்டால் மூடுங்கள், காற்றுக்கு ஒரு பக்கம் விட்டு. மோட்டார்தான் வண்டி என்றால், பின்னால் ஒருவர் கூண்டை மடியில் அணைத்து உட்கார வேண்டும். நிறுத்திய காரில் “ஐந்து நிமிடம்தானே” என்று விட்டுப்போகாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே ஏறக்குறைய பத்து டிகிரி ஏறிவிடும்.

கிளினிக்கில் கூண்டைத் தரையில் வைத்தால் வருகிற நாயெல்லாம் மோந்துபார்க்கும். நாற்காலியில், சுவரைப் பார்த்து வையுங்கள். நாயோடு வெளியே நிழலில் நின்று, முறை வந்ததும் கூப்பிடச் சொல்லலாம்.

உள்ளே போனதும் பூனையை இழுக்கவோ, கூண்டைக் கவிழ்த்துக் கொட்டவோ வேண்டாம். மேல்பாதியைக் கழற்றுங்கள், டாக்டர் அடித்தட்டிலேயே வைத்துப் பார்க்கட்டும். இரும்பு மேசை வழுக்கும். கால் வழுக்கும் நாய் இன்னும் மிரளும். வீட்டுக் குளியலறை ரப்பர் விரிப்பு ஒன்றைக் கொண்டுபோங்கள். பெரிய நாயைத் தரையிலேயே பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இருமல், நொண்டல் இருந்தால் வீட்டிலேயே வீடியோ எடுத்துவிடுங்கள். வீட்டில் நொண்டுகிற நாய் அங்கே பதற்றத்தில் நேராக நடந்து காட்டும்.

எலிப்பாஷாணம் தின்றது, பாம்பு கடித்தது போன்ற அவசரத்தில் இந்தப் பழக்கங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். துண்டில் சுற்றித் தூக்குங்கள், பாஷாணம் என்றால் அதன் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால், திரும்பி வந்ததைப் பார்த்துச் சீறும். கிளினிக் வாடை அதற்கு அந்நியம். திரும்பி வந்த பூனையைச் சில மணி நேரம், தேவையானால் இரவு முழுவதும், தனி அறையில் விட்டு, வீட்டுப் பூனை படுத்த துணியால் துடைத்துவிடுங்கள். கூண்டை ஸ்டோருக்கு ஏற்ற வேண்டாம். அதே மூலையில், கதவைக் கழற்றிவிட்டு, கிடக்கட்டும்.